பிளேடு, பிரஷ், நுரை: செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள்

பழைய முறைச் சவரம், அதாவது ஒற்றை பிளேடு ரேசரும் பிரஷும் சோப்பும் வைத்துச் செய்வது, இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆசையாக வந்திருக்கிறது. கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

காரைக்குடி: என்னென்ன வாங்கணும் அண்ணே? தேடிப் பார்த்தால் தலை சுற்றுது.

நாலு பொருள் போதும் தம்பி. மூன்று துண்டாகக் கழலும் ரேசர் ஒன்று, சிந்தெடிக் பிரஷ் ஒன்று, ஷேவிங் சோப்பு அல்லது டியூப் கிரீம், ஒரு படிகாரக் கல். கிண்ணம் அடுப்படியிலேயே இருக்கும். பிளேடு ஒரே பிராண்டாக வாங்கி, அந்தப் பாக்கெட் தீரும்வரை மாற்றாதீர்கள். ரேசர், பிளேடு, சோப்பு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது ஒத்துக்கொண்டது, எது எரித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஜப்பானின் ஃபெதர் பிளேடு ரொம்பக் கூர்மை. கை பழகிய பிறகு அதைப் பார்க்கலாம்.

கானாடுகாத்தான்: நல்ல சோப்புதான் வாங்கினேன். நுரை வந்த வேகத்தில் அடங்கிவிடுகிறது. பிரஷ் சரியில்லையா?

பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள். போர்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து திரிந்துபோகும். கிண்ணத்து ஓரத்தில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதுதான். மழைத் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ ஒருமுறை அடித்துப் பாருங்கள். அரை டம்ளருக்குமேல் தேவைப்படாது. வளவு, அதாவது உள்முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வீடு என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை.

அடிக்கும் விதமும் முக்கியம். பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறிவிட்டு, சோப்பின்மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். முதலில் பசை மாதிரி பிரஷ்ஷில் ஏறும். அப்புறம் கிண்ணத்தில் சில சொட்டுத் தண்ணீர், அடி. மறுபடி சில சொட்டு, அடி. பெரிய குமிழ்கள் எல்லாம் மறைந்து, கடைந்த தயிர் மாதிரி பளபளப்போடு நின்றால் பதம் வந்துவிட்டது. அவசரப்பட்டுத் தண்ணீரை மொத்தமாக ஊற்றுவதில்தான் பாதிப் பேருக்குக் கெடுகிறது. இன்னொன்று, நம் ஊர் வெயிலுக்கு ஃபேனைச் சுழலவிட்டுச் சவரம் செய்தால் ஒரு கன்னம் முடிவதற்குள் மறுகன்னத்து நுரை காய்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள்.

புதுவயல்: தாடைக்குக் கீழே தினமும் ரத்தம். எரிச்சல் சாயங்காலம்வரை இருக்கிறது.

அழுத்துகிறீர்கள். கார்ட்ரிட்ஜ் ரேசர், அதாவது பல பிளேடு உள்ள தலையைக் கழற்றி மாட்டும் ரேசர், அந்தப் பழக்கத்தில் கை தானாகவே அழுத்தும். இந்த ரேசரில் அதன் எடையே போதும், கை வழிகாட்டினால் சரி. ரேசர் தலையை மட்டும் கன்னத்தில் ஒட்டிவைத்து, கைப்பிடியைக் கன்னத்திலிருந்து நேராக வெளியே நீட்டிப் பிடியுங்கள். அப்படியே கைப்பிடியை மெல்ல இறக்கிக்கொண்டே ஒரு சின்ன இழுப்பு. பிளேடு முடியைத் தொட்டதும் 'சர்' என்று சத்தம் கேட்கும். அதுதான் கோணம், ஏறக்குறைய 30 டிகிரி. இழுப்பு இரண்டு விரல் அகலத்துக்குமேல் வேண்டாம்.

கழுத்தில் முடி எல்லோருக்கும் மேலிருந்து கீழாக வளர்வதில்லை. சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குக் கீழிருந்து மேலே. இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் போகும் பக்கம்தான் முடியின் போக்கு. முதல் சில வாரம் அந்தப் போக்கில் ஒரே சுற்று, அவ்வளவுதான். வேண்டுமானால் மறுபடி நுரை தடவிக் குறுக்காக ஒரு சுற்று. முடியின் போக்குக்கு எதிராக இழுக்கும் ஆசை இப்போது வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு ஈரத்தோடு படிகாரம் தடவுங்கள். அதிகம் எரிந்த இடம்தான் நீங்கள் அழுத்திய இடம்.

தேவகோட்டை: எங்கள் ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர். அவருடைய ஜில்லெட் ரேசரும் பிரஷும் பெட்டியில் கிடைத்தன. பயன்படுத்தலாமா?

ரேசரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜில்லெட் ரேசர் விற்பனைக்கு வந்த 1903-இல் மொத்தம் விற்றதே 51 ரேசரும் 168 பிளேடும்தான். ஆனால் அந்த அமைப்பு அவ்வளவு உறுதியாக நின்றது. இன்றைய பிளேடு உங்கள் ஐயாவின் ரேசரில் உட்காரும். தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 1950களில் அமெரிக்காவில் செய்தவற்றில் எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும். 'ஏ 2' என்றால் 1955, இரண்டாம் காலாண்டு.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! வீட்டில் பித்தளைச் சாமான் துலக்கும் கை அதற்குத்தான் போகும். ரேசர் உள்ளே பித்தளை, மேலே மெல்லிய நிக்கல் அல்லது தங்கப் பூச்சு. புளியும் சாம்பலும் பூச்சை வழித்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும்.

பிரஷ்ஷை மட்டும் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடி பிரஷ்களால் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்த வரலாறு உண்டு. எந்தக் காலத்து முடி என்று தெரியாத பிரஷ் முகத்துக்கு வேண்டாம்.

காரைக்குடி: முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் மடக்குச் சவரக்கத்தி பார்த்தேன். அதிலேயே ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் முத்திரை இருந்தால் எஃகு நல்லதாகவே இருக்கும். ஆனால் அதைக் கல்லில் தீட்டி, ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல்வாரில் இழுக்கத் தெரிய வேண்டும். விளிம்பில் துரு அரித்த குழியோ முறிவோ இல்லையென்றால் வாங்கி வையுங்கள். ரேசரில் கை நின்ற பிறகு எடுங்கள்.

கோட்டையூர்: பழனி பாதயாத்திரை முடித்து வந்தேன். ஒரு மாதத் தாடி. நேரே ரேசர் வைக்கலாமா?

டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டு வையுங்கள். நீள முடி பிளேடுக்கும் தலைக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு இழுக்கும், வலிக்கும்.

திருப்பத்தூர்: சிங்கப்பூர் போகிறேன். விமானத்தில் கொண்டுபோகலாமா?

பிளேடு கைப்பையில் கூடாது. பெரிய பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிடுங்கள்.

பள்ளத்தூர்: மகன் இதை ஆரம்பித்திருக்கிறான் தம்பி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிளேடை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம்தான் ஆச்சி. புது பிளேடு, பழைய பிளேடு இரண்டும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அவன் பிளேடை அண்ணன் தம்பி யாரும் வாங்கிச் சவரம் செய்யக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தின் வழியாகவும் பரவும். பழையதைக் குப்பையில் சும்மா போட்டால் குப்பை அள்ள வருகிறவர் கையைக் கிழிக்கும். மூடி போட்ட தகர டப்பா ஒன்றின் மூடியில் மெல்லிய கீறல் போட்டு, பிளேடை அதன் வழியாகத் தள்ளச் சொல்லுங்கள். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பை அள்ளுகிறவர் கையில் தனியாகக் கொடுங்கள்.