தோற்ற பிறகுதான் ஒரு ராணுவம் மாறுமா?

தோல்விக்கு முன்பே தலைமை நினைத்தால் ராணுவத்தை மாற்ற முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் ரொம்பக் கடினம். பழைய முறையில் ஜெயித்து மேலே வந்தவர்கள்தான் அடுத்தவருக்குப் பதவி உயர்வு தருகிறார்கள். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இன்றைய ஜெர்மனிப் பகுதியில் அன்று இருந்த பிரஷ்யா என்ற அரசைப் பாருங்கள். ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற அதிகாரி பெர்லினில் ஒரு ராணுவ விவாதக் கழகமே தொடங்கி, மாற்றம் வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். மேலிடம் பெரிதாக அசையவில்லை. 1806 அக்டோபர் 14 அன்று யேனா, அவர்ஷ்டெட் என்ற இரண்டு இடங்களிலும் ஒரே நாளில் பிரஷ்யர்கள் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் படைகளிடம் தோற்றார்கள். அப்புறம்தான் ராணுவச் சீர்திருத்தக் குழு ஷார்ன்ஹோர்ஸ்ட் கைக்கு வந்தது.

அவர் முதலில் துப்பாக்கியை மாற்றவில்லை, அதிகாரியாவதற்கான தகுதியை மாற்றினார். 1808 ஆணைப்படி அமைதிக் காலத்தில் அறிவும் கல்வியும், போர்க்காலத்தில் துணிச்சலும் தெளிவான பார்வையுமே அளவுகோல். பிரபுக் குடும்பத்துப் பிறப்பு போதாது என்றாகிவிட்டது. வீரர்களைப் பிரம்பால் அடிப்பதும் நின்றது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய மாற்றம்: அடிக்குப் பயந்து வரிசையில் நிற்பவனிடம் சொந்த யோசனையை எதிர்பார்க்க முடியாது. 1810இல் பெர்லினில் அதிகாரிகளுக்கான போர்க் கல்லூரியும் வந்தது.

1813இல் லைப்சிக்கில் நெப்போலியனைத் தோற்கடித்த கூட்டணியில் இந்தப் புதிய பிரஷ்யப் படையும் இருந்தது. ஷார்ன்ஹோர்ஸ்ட் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு போர்க்களத்தில் பட்ட காயத்தால் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.