கணினிக் கேள்வி – பதில்: கடற்காற்றும் கறுப்புத் திரையும்

உப்புவெளி வாசகி: சில கிழமைகள் பூட்டிக்கிடந்த வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, மொனிட்டரில் ஒன்றும் வரவில்லை. மதர்போட் (எல்லாப் பாகங்களும் செருகும் முதன்மைப் பலகை) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

காசு கொடுக்கமுதல், மதர்போட்டில் செருகியிருக்கும் நினைவகத் தகடான ரேமைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அது தூசியோடு சேர்ந்து படிந்தால் ரேமின் பொன்னிற முனைகள் சரியாகத் தொடாது. வாடைக்காற்றுக் காலத்தில், பாவிக்காமல் கிடக்கும் கணினியில் இது இன்னும் மோசம்.

பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பொத்தானைப் பத்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின் வடிந்துவிடும். பக்க மூடியைத் திறந்து, பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டபின் ரேமில் கைவையுங்கள். கிளிப்பைத் தள்ளினால் ரேம் மேலெழும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் முனைகளைத் துடையுங்கள். கறை போகாவிட்டால் மட்டும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாக இரண்டு மூன்று தடவை தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். மண்தாளோ கத்தியோ வேண்டாம். தங்கப் பூச்சு மிக மெல்லியது, அது சுரண்டுப்பட்டால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். நன்றாகக் காய்ந்தபின், ரேமிலுள்ள வெட்டு, செருகுமிடத்திலுள்ள மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, கிளிப் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள். பழுது எதில் என்று அப்போது தெரியும்.

தனியான கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் மொனிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும், மதர்போட்டில் அல்ல. இதையும் கவனியுங்கள். இவ்வளவுக்கும் பிறகும் திரை இருட்டாக இருந்தால்தான் மதர்போட்டைப் பற்றிப் பேசலாம்.

இனிமேல் வீட்டில் இல்லாத நாட்களிலும் யாரையாவது கொண்டு இடைக்கிடை ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். உள்ளே எழும் சூடே ஈரத்தைப் போக்கும். ஓடி முடிந்த சூட்டோடு பொலித்தீன் உறையால் மூடுவது ஈரத்தை உள்ளே அடைக்கும் வேலை.

கிண்ணியா வாசகர்: கரண்ட் போய் வந்தால் திகதி பழைய ஆண்டுக்குப் போகிறது. இணையத்தளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுக்கின்றன. வைரஸா?

வைரஸ் இல்லை, மதர்போட்டிலுள்ள காசு வடிவப் பற்றரி தீர்ந்துவிட்டது. மின் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. உங்கள் கணினி பழைய ஆண்டில் நின்றால் அது செல்லாத சான்றிதழாகத் தெரியும்.

பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சி.ஆர்.2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள், கூட்டல் குறி மேலே. அதற்குமுன் பயோஸுக்குள் (விண்டோஸ் ஏறமுதல் வரும் அமைப்புத் திரை) போய் பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது), சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் முறை) இரண்டையும் போனில் படமெடுத்து வையுங்கள். பற்றரியைக் கழற்றினால் இவை தொடக்க நிலைக்குத் திரும்பலாம். சாட்டா முறை மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாது, புதுப் பற்றரிதான் பழுதாக்கியது என்று நினைப்பீர்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புத் திறவுகோலையும் எழுதி வையுங்கள். பிறகு விண்டோஸில் நேர வலயம் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று இருக்கிறதா என்று பார்த்து நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

தம்பலகாமம் வாசகர்: ஹாட் டிஸ்க் 'டக் டக்' என்கிறது, கணினி உறைந்து நிற்கிறது. 'செக் டிஸ்க்' ஓடவிடலாமா?

தயவுசெய்து இப்போது வேண்டாம். டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் அந்த விண்டோஸ் கருவி டிஸ்க்குக்குப் பெரிய வேலை கொடுக்கும், சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த வேலையிலேயே நின்றுவிடலாம். முதலில் பிள்ளைகளின் படங்கள், உறுதிப் பத்திர ஸ்கேன்கள் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். பாட்டும் சினிமாப் படமும் பிறகு. அதன்பின் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 வரிகளைப் பாருங்கள் (டிஸ்க்கில் பழுதாகி மாற்றப்பட்ட இடங்களும், பழுதென்று சந்தேகப்படும் இடங்களும் எத்தனை என்று காட்டுபவை). சுழியத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பவே வேண்டாம். சுழலும் தட்டில்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், கணினியின் வேகமும் கூடும்.

மூதூர் வாசகி: யூ.பி.எஸ். இருக்கிறது. இடிமின்னலுக்கு அது போதுமா?

போதாது. கிட்ட விழும் மின்னலை அது தடுக்காது. இடி தொலைவில் கேட்கும்போதே சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும், ரவுட்டரிலிருந்து கணினிக்குப் போகும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரும். இடி தலைக்குமேல் வந்துவிட்டால் எதிலும் கைவைக்க வேண்டாம்.