கில்ட்டும் வெயில் தொப்பியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் ஒரு ஸ்காட்டிஷ் பைப் (தோல்பையில் குழல்கள் செருகிய ஊதுகருவி) இசைக்குழுவில் இரண்டு ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். சென்ற புத்தாண்டு நாளில் மேரிபரோ ஊரின் ஹைலாண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) விழாவில் கில்ட் என்ற கட்டம்போட்ட கம்பளிப் பாவாடையும் கிளெங்காரி என்ற அவர்களது கம்பளித் தொப்பியுமாக அரை நாள் வெயிலில் நின்றேன். காது தோலுரிந்துவிட்டது, இரவெல்லாம் தலைவலி. போட்டி நேரம் தவிர எந்தத் தொப்பியும் அணியலாம் என்கிறார் எங்கள் குழுத் தலைவரான பைப் மேஜர். ஆனால் கில்ட்டோடு வேறு தொப்பி அணிந்தால் ஸ்காட்லாந்து மக்களின் மரபை அவமதித்ததாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. எதை அணியலாம்?

கே., மெல்பர்ன்

அன்புள்ள கே.,

தயங்கவே வேண்டாம். கிளெங்காரி, பால்மோரல், டாம் ஓ ஷாண்டர் எல்லாம் தூறலும் குளிர்காற்றும் ஓயாத நாட்டின் கம்பளித் தொப்பிகள். ஒன்றுக்கும் விளிம்பு கிடையாது. எடின்பரோவில் இருந்தபோது நண்பரின் திருமணத்துக்கு நானும் கிளெங்காரி அணிந்திருக்கிறேன். ஜூலை மாதம், 24 டிகிரிதான். ஒரு மணி நேரத்தில் நெற்றிப்பட்டை வியர்வையில் ஊறி, பின்னால் தொங்கும் இரண்டு கறுப்பு ரிப்பன்களும் பிடரியில் ஒட்டிக்கொண்டன. கழற்றிப் பார்த்தால் நெற்றியில் சிவப்பாக ஒரு தடம். உங்கள் ஊர்ப்பக்கம் ஜனவரி வெயில் சில ஆண்டுகளில் 40ஐத் தாண்டும். இடுப்பில் எட்டு கஜக் கம்பளித் துணி கொசுவம் கொசுவமாகச் சுற்றியிருக்கும்போது தலையையும் கம்பளியால் மூடுவது உடம்புக்குச் செய்யும் கொடுமை.

மரபைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஹைலாண்ட் படையினரே வெயில் நாடுகளில் தங்கள் தொப்பியை மாற்றிக்கொண்டார்கள். 1899 டிசம்பர் 11 அன்று தென்னாப்பிரிக்காவின் மாகர்ஸ்ஃபொன்டெயின் போரில் கில்ட் அணிந்த அவர்களின் தலையில் இருந்தது விளிம்பு வைத்த வெயில் கவசத் தொப்பி. அங்கும் அப்போது கோடைகாலம். எதிரிகளின் துப்பாக்கிச் சூட்டில் எழ முடியாமல் பல மணி நேரம் குப்புறக் கிடந்தவர்களுக்கு முழங்காலின் பின்புறம் வெந்து கொப்பளித்துவிட்டது. கில்ட்டுக்கும் காலுறைக்கும் நடுவே திறந்திருக்கும் அந்த இடத்தை இன்றும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு அணிந்த சோலாத் தொப்பிக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. தஞ்சாவூர்க் கலைஞர்கள் கோபுரமும் கோயிலும் செதுக்குகிறார்களே, அதே நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டில்தான் அது செய்யப்பட்டது. எடையே தெரியாது, நல்ல நிழலும் தரும். ஆனாலும் அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மை ஆண்ட துரைமார்களின் தொப்பி என்ற நினைவு இன்னும் அதை விட்டுப் போகவில்லை.

வேடிக்கை பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் பனாமாத் தொப்பி போதும். பெயர்தான் பனாமா, நெய்வது ஈக்வடாரில், டொக்கியா என்ற செடியின் ஓலையில். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகளாக ஒளி வந்தால் வெயிலும் அப்படியே தலைக்கு வரும். நெருக்கமான நெசவாகத் தேடுங்கள். விளிம்பு சுற்றிலும் நான்கு விரற்கடையாவது இருக்கட்டும். ரிப்பன் ஒரே நிறத்தில் இருப்பதே அழகு. கில்ட்டின் கட்டங்களே தொப்பியிலும் வந்தால் கண்ணுக்கு அதிகமாகிவிடுகிறது. முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள கிரிக்கெட் தொப்பி வேண்டாம். காதும் பிடரியும் திறந்தே கிடக்கும்.

வாசிக்கும்போதுதான் சிக்கல். பைப்பின் நீண்ட குழல்கள் இடது தோளில் சாய்ந்து காதோரமாக மேலே போகின்றன. அகல விளிம்பு அவற்றில் இடிக்கும். தலையைத் திருப்பினால் தொப்பியே கழன்றுவிடும். இதற்கு விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியப் படைவீரர்களின் ஸ்லவுச் தொப்பியில் இடப்பக்க விளிம்பை மேலே மடித்து ஊசி குத்தியிருப்பார்கள், தோளில் சாய்த்த துப்பாக்கி இடிக்காமலிருக்க. உங்களுக்கும் அதே தோள், அதே தேவை. படைச்சின்னம் எதுவும் இல்லாத சாதாரணக் கித்தான் தொப்பி ஒன்றை வாங்கி, அப்படியே மடித்துக்கொள்ளுங்கள். தாடைப் பட்டி இருந்தால் காற்றுக்கும் நிற்கும். வாசிப்பதற்கு முன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அணிந்தால், காயும்வரை தலை குளிர்ந்திருக்கும்.

மடித்த பக்கத்தில் இடது காதுக்கு நிழல் இருக்காது. வெயில் களிம்பை அங்கே தாராளமாகப் பூசுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. முழங்காலின் பின்புறத்துக்கும்தான்.