ஒரு வாரம் போட்டேன், கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை, காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்பதுதான். இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது, உள்பக்கம் தோலும் கறுத்துவிட்டது. ஸ்கேன் பார்த்துவிட்டு இறுக்கமான காலுறை போடச் சொன்னார்கள். மாட்டவே கால் மணி நேரம் ஆகிறது, வியர்த்து அரிக்கிறது, முட்டிக்குக் கீழே வரிவரியாகப் பதிகிறது. கட்டாயம் போட்டே ஆகணுமா?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: போடத்தான் வேண்டும் சகோதரி. ஆனால் நீங்கள் கழற்றி வைத்ததற்காகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை.

நரம்பு என்று நாம் சொன்னாலும் அது ரத்தத்தை மேலே இதயத்துக்குக் கொண்டுபோகும் சிரை. அதிலுள்ள வால்வுகள் பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும். காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இறுக்கி அதை ஏற்றிவிடுகிறது. நோயை அது குணப்படுத்தாது, போட்டிருக்கும் வரைதான் பலன். தோல் கறுத்துவிட்டது என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. அந்த இடத்தில் புண் வந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

வரி பதிவதற்கு பெரும்பாலும் தப்பான அளவுதான் காரணம், இல்லையென்றால் மேல் விளிம்பை மடித்து விட்டிருப்பீர்கள். மடித்தால் அங்கே இறுக்கம் இரட்டிப்பாகும். காலையில் வீக்கம் ஏறும் முன் கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்து வாங்க வேண்டும். குளித்த பிறகுதான் போடுவீர்கள் என்றால், காலை உயரமாக வைத்துப் பத்து நிமிஷம் படுத்துவிட்டு, ஈரம் இல்லாமல் துடைத்துப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள், விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டாம். விரல் பக்கம் திறந்த வகையென்றால், உங்கள் கடையிலேயே புடவைக்குப் போடும் வழவழப்பான கவரைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு அதன்மேல் ஏற்றுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் விரல் வழியாகக் கவரை உருவிவிடலாம்.

பன்னிரண்டு மணி நேரம் முடியாவிட்டால் நாலு மணி நேரத்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போங்கள். 23-32 மி.மீ. பாதரச அழுத்தம் (mmHg) உள்ள இரண்டாம் வகுப்புக் காலுறை தாங்கவில்லையென்றால், டாக்டரிடம் கேட்டு 18-21 உள்ள முதல் வகுப்புக்கு இறங்குங்கள், தினமும் போடக்கூடியதுதான் உங்களுக்கு வேண்டும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு தினம் அலசி நிழலில் உலர்த்தினால் அரிப்பு குறையும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், தயங்காதீர்கள்.

விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள். சர்க்கரை இருந்தாலோ நடந்தால் கெண்டைக்கால் வலித்தாலோ, பாதத்தில் நாடித்துடிப்பை டாக்டர் பார்க்காமல் மறுபடி போட வேண்டாம். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தக் காலுறையையும் எடுத்துப்போய், அவர்கள் எதிரிலேயே ஒருமுறை மாட்டிக் காட்டுங்கள். சிரைக்கு லேசரோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.