மூலிகைப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: ‘ஸ்பைஸ்’ என்பது வெறும் மூலிகைப் புகைதான், கஞ்சாவை விட லேசானது, சட்டமும் தடுக்கவில்லை என்கிறான் தம்பியின் நண்பன். நிஜமா?

பதில்: மூலிகை சும்மா ஒப்புக்குத்தான். காய்ந்த இலைமேல் தெளித்திருப்பது ஆய்வகத்தில் செய்த ரசாயனம். 2008 கடைசியில் ஜெர்மனியில் அந்தப் பாக்கெட்டைப் பரிசோதித்தபோது கிடைத்தது ஜேடபிள்யூஎச்-018. அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்காக உருவாக்கிய பொருள் அது, புகைப்பதற்கு அல்ல.

லேசானது என்பது சுத்தப் பொய். மூளை செல்களில் சிபி-1 என்ற ஏற்பி இருக்கிறது, போதைப் பொருள் வந்து ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும் இடம் அது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் அதை ஓரளவுதான் தூண்டும், எவ்வளவு இழுத்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஸ்பைஸில் இருக்கும் ஜேடபிள்யூஎச்-018 முழுசாகத் தூண்டுகிறது, அதனால்தான் படபடப்பு, வாந்தி, பிரமை, சிலருக்கு வலிப்பு வரை போகிறது. போதாததற்கு தெளிப்பு சீராக இருக்காது, ஒரே பாக்கெட்டில் ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சிட்டிகை ஆளையே சாய்த்துவிடும். வழக்கமான கஞ்சா சிறுநீர்ப் பரிசோதனையிலும் இது சிக்காது, மருத்துவர் குழம்பிப்போவார், கூட வந்தவர்தான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சட்டமா? ஜெர்மனி 2009 ஜனவரியிலேயே தடை போட்டது. 2015-ல் ஜேடபிள்யூஎச்-018-ஐ, மனதைப் பாதிக்கும் போதைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐ.நா.வின் 1971 உடன்படிக்கையில் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். ஒன்றைத் தடுத்தால் மூலக்கூறில் ஒரு அணுவை மாற்றி அடுத்ததை இறக்குவார்கள், அதனால் பல நாடுகள் இப்போது வேதியியல் குடும்பத்தையே மொத்தமாகத் தடுக்கின்றன. நண்பனின் ‘சட்டம் தடுக்கவில்லை’ பழைய கதை.