பஸ்ஸுக்கு ஆன், காருக்கு இன்: ஏன்?

கேள்வி: அலுவலகத்துக்கு வரத் தாமதமாகும் என்று சொல்ல ‘ஐ யம் ஆன் த பஸ்’ என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். கூடவே வேலை பார்ப்பவர், “கூரை மேலேயா உட்கார்ந்து வருகிறீர்கள்? இன் த பஸ் என்று எழுதுங்கள்” என்கிறார். எது சரி?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியதுதான் சரி. பஸ், ரயில், விமானம், கப்பல் என்று எழுந்து நின்று நாலு அடி நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன். கார், ஆட்டோ, டாக்ஸி மாதிரி குனிந்து ஏறி அப்படியே உட்கார்ந்துவிடுகிற வண்டி என்றால் இன். சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஆன்தான், மேலேதானே உட்காருகிறோம். ஆனால் பஸ்ஸுக்குள்ளே ஒரே புழுக்கம் என்று உட்புறத்தையே குறிப்பாகச் சொல்லும்போது ‘இன் த பஸ்’ வரும், அதனால் நண்பர் சொன்னதை அடியோடு தப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

நமக்கு இது குழம்புவதற்குக் காரணம் நம்முடைய ‘இல்’. பெட்டியில், சுவரில், வாசலில், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஆங்கிலத்தில் பெட்டிக்குள் அடங்கியிருப்பது இன், சுவரை ஒட்டியிருப்பது ஆன், வாசல் என்று இடத்தை மட்டும் சுட்டினால் அட். இந்த வித்தியாசம் நமக்குப் புதிதும் இல்லை. அறைக்கு உள்ளே இருப்பதை மூலை என்கிறோம், தெரு திரும்பும் இடத்தை முக்கு என்கிறோம், இரண்டையும் மாற்றிச் சொல்வோமா? ஆங்கிலத்தில் இரண்டுமே கார்னர்தான், முன்னால் வரும் சொல்தான் பிரித்துக் காட்டுகிறது: மூலை என்றால் ‘இன் த கார்னர்’, முக்கு என்றால் ‘அட் த கார்னர்’ அல்லது ‘ஆன் த கார்னர்’.

அப்புறம், நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், லீவு கடிதத்தில் இது நிறையப் பேருக்குச் சறுக்குகிறது. ‘மை ஃபாதர் இஸ் இன் ஹாஸ்பிடல்’ என்றால் அப்பாவை அட்மிட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் நடுவில் ஒரு ‘த’ சேர்த்துக்கொள்வார்கள். அவருக்குத் துணையாகப் போயிருக்கும் நீங்கள் ‘ஐ யம் அட் த ஹாஸ்பிடல்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ யம் இன் ஹாஸ்பிடல்’ என்று எழுதினால் படிப்பவர் உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போவார்.