பி12 மாத்திரைக்குப் பதில் ‘நல்ல பாக்டீரியா’ வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. சுத்த சைவம். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு என்று வந்ததால் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில், "குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவே பி12 தயாரித்துவிடும், இதைப் போடுங்கள்" என்று 30 கேப்சூல் கொண்ட புரோபயாடிக் டப்பா ஒன்றை 900 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கடையில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. குடல் பாக்டீரியாக்களில் சில பி12 தயாரிப்பது சரிதான். ஆனால் அவை எங்கே குடியிருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நம் உடல் பி12-ஐ எடுத்துக்கொள்வதோ அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அதுவும் இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் நன்றாகச் சேரும். அந்த இடத்தைத் தாண்டியபின் தயாராகும் பி12 மேலே திரும்பி வர வழியில்லை, பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மாட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதன் பாக்டீரியாக்கள் சிறுகுடலுக்கு முன்னால், அசைபோடும் இரைப்பையிலேயே இருக்கின்றன. வெறும் புல்லும் வைக்கோலும் தின்னும் மாட்டின் பாலில் பி12 இருப்பது அதனால்தான். சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும் முக்கியமாவதும் அதனால்தான்.

உங்கள் அம்மாவுக்குக் குறைவு வர இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, சைவ உணவு. இன்னொன்று, மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். இரண்டையும் புரோபயாடிக் சரிசெய்யாது. இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. பி12 குறைவை அப்படியே விட்டால் ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும், ஞாபகம் தடுமாறும். நரம்புக்கு வந்த பாதிப்பு சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அந்த 900 ரூபாயை விட எனக்குக் கவலை இதில்தான்.

குடல் பாக்டீரியா தயாரிக்கும் வைட்டமின் எதுவுமே நமக்குப் பயன்படாது என்று நினைத்துவிட வேண்டாம். ஃபோலேட், பயோட்டின், ரிபோஃப்ளேவின் ஆகிய பி வகை வைட்டமின்களைப் பெருங்குடல் சுவரும் ஓரளவு உறிஞ்சும். வைட்டமின் கே2-வையும் குடல் பாக்டீரியாக்கள் தயாரிக்கின்றன. பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் வைட்டமின் கே ஊசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நஞ்சுக்கொடி வழியாக அது கொஞ்சமே வருகிறது, தாய்ப்பாலிலும் குறைவு, குழந்தையின் குடலில் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. அந்த இடைவெளியில் ரத்தக்கசிவு வராமல் காப்பது அந்த ஊசி. பெரியவர்களுக்கு வைட்டமின் கே பெரும்பாலும் கீரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: புரோபயாடிக் வாங்கும்போது டப்பாவில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் பெயர். ‘லாக்டோபேசிலஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ‘லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி’ என்பது போல இனம், வகை, அதற்குள் எந்த ரகம் என்று மூன்றும் இருக்க வேண்டும். ஆராய்ச்சி எந்த ரகத்தில் நடந்ததோ அந்த ரகத்துக்குத்தான் அதன் முடிவு பொருந்தும். அடுத்தது, பெருகக்கூடிய நிலையில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை. டப்பாவில் அது சி.எஃப்.யு. என்று இருக்கும். உணவாக விற்கும் புரோபயாடிக்கில் ஒரு நாளைய அளவுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையா, காலாவதி நாள்வரை இருக்கும் எண்ணிக்கையா என்று பாருங்கள். பின்னதுதான் நமக்கு வேண்டும். எண்ணிக்கை கூடக்கூடப் பலனும் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இவற்றைவிட முக்கியம், எதற்காக வாங்குகிறீர்கள் என்பது. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில ரகங்கள் உதவுகின்றன. பெரும்பாலான மற்ற வயிற்றுக் கோளாறுகளுக்குப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. குறைமாதக் குழந்தைக்கும், கீமோ எடுப்பவர் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அவர்களுக்கு அந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடலாம்.

கேள்வி: வீட்டுத் தயிர் போதாதா? இட்லியிலும் நல்ல பாக்டீரியா இருக்கிறது என்கிறார்களே?

பதில்: மாவு புளிப்பது பாக்டீரியாவால்தான், ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடும். புளித்ததால் வந்த செரிமான நன்மை மட்டும் தங்கும். கொதித்த மோர்க்குழம்பும் அப்படியே. தயிர், மோர், பழைய சோற்று நீராகாரம் இவற்றில் உயிரோடு இருக்கும். வீட்டுத் தயிரில் எந்த ரகம், எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றாடச் சாப்பாட்டுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. பாட்டிலில் வரும் புரோபயாடிக் பானம் வாங்கினால் சர்க்கரை அளவைப் படியுங்கள், சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் கட்டாயம் படியுங்கள்.

வெளியிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தங்குவதில்லை, சில நாட்களில் போய்விடுகின்றன. ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்குச் சாப்பாடு போடுவதுதான் நிலைக்கும். பயறு, கொண்டைக்கடலை, வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரை, சிறுதானியம் இவற்றின் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது, குடல் பாக்டீரியாக்களால் முடியும். அப்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். 900 ரூபாய்க்கு எத்தனை கிலோ பச்சைப்பயறு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

கேள்வி: ‘2 முதல் 8 டிகிரியில் வைக்கவும்’ என்று போட்ட கேப்சூல் ஆன்லைனில் வாங்கினேன். ஐஸ் பேக் இல்லாமல், மே மாத வெயிலில் வந்தது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: சாப்பிடாதீர்கள். பொட்டலம், லேபிள், டெலிவரி நேரம் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.